செப்புத் தகட்டுச் சித்திரமும் நம் சேலம் நாடும்

யூபிலி மலர் என்றால் பங்கின் வரலாறு, பணிபுரிந்த குருக்களின் வரிசை, பக்த சபைகளின் அறிக்கைகள், வாழ்த்துச் செய்திகள் என்று அமைவது வழக்கம். அவையெல்லாம் இம்மலரில் உரிய இடங்களில் உள்ளன. ஆயினும் எந்தப் பங்கும் வானத்திலிருந்து இறங்கி வந்ததன்று. ஒரு மண்ணில் வேர்விட்டு, அந்த மண்ணின் இன்ப துன்பங்களில் பங்கேற்றே அது வளர்கிறது. ஆகவே நம் சேலம் நாட்டின் வரலாற்றில் ஏற்பட்ட ஒரு பெருந்திருப்பத்தை, ஒரு படத்தின் வாயிலாக இங்கே எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

நாம் குடியிருக்கும் ஃபேர்லேண்ட்ஸ் என்னும் பெயரையே எடுத்துக்கொள்வோம். அரிசிப்பாளையம், அழகாபுரம், அஸ்தம்பட்டி என்று பாளையமும் புரமும் பட்டியுமாக ஊர்ப்பெயர்கள் வழங்கும் சேலத்தில் இவ்வாங்கிலப் பெயர் எவ்வாறு வந்தது? குடியிருப்பு பிற்காலத்தில் உண்டானதே. ஆனால் இத்தகைய பெயர்கள் இங்கு வந்து தங்குவதற்குக் கதவு திறந்த ஆண்டு ஒன்று உண்டு. அது 1792. அவ்வாண்டின் முற்பகுதியில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டைக்கு வெளியே, ஒரு கூடாரத்தின் முன் நிகழ்ந்த ஒரு காட்சியை ஓவியர் பலர் போட்டியிட்டுக்கொண்டு தீட்டினர். அவ்வோவியங்கள் செப்புத் தகடுகளில் செதுக்கப்பட்டு, தாளில் அச்சாகி, கடல் கடந்த நாடுகளிலும் இல்லச் சுவர்களில் தொங்கின. இன்றும் அவை உயர்ந்த தாளில் மறுபதிப்பாக விற்பனைக்குக் கிடைக்கின்றன. வரலாற்று நூல்களிலும் இடம்பெறுகின்றன. அப்படம் நம்முடைய சேலத்தைப் பற்றியது என்பதை நம்மில் பலர் அறியோம்.

நடந்தது என்ன?

மூன்றாம் மைசூர்ப் போர் 1790 முதல் 1792 வரை நடந்தது. ஒரு பக்கம் திப்பு சுல்தான். மறுபக்கம் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியும், ஹைதராபாத் நிஜாமும், மராத்தியரும். கம்பெனிப் படைக்குத் தலைமை தாங்கியவர் கவர்னர் ஜெனரலான கார்ன்வாலிஸ் பிரபு. 1791 மார்ச்சில் பெங்களூர்க் கோட்டை வீழ்ந்தது. அதே ஆண்டில் ஓசூரும் இராயக்கோட்டையும் கம்பெனியின் கைக்கு வந்தன. கிருஷ்ணகிரிக் கோட்டையை நவம்பரில் தாக்கிய படை அதைப் பிடிக்க முடியாமல் திரும்பிற்று. 1792 பிப்ரவரி 6-ஆம் நாள் இரவு ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வெளி அரண்கள் தாக்கப்பட்டன. தலைநகரே முற்றுகைக்குள்ளான நிலையில் திப்பு உடன்படிக்கைக்கு இசைந்தார்.

நிபந்தனைகள் கடுமையானவை. இராஜ்யத்தில் பாதியை விட்டுக்கொடுக்க வேண்டும். மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் தண்டமாகக் கட்ட வேண்டும். பிடித்து வைத்திருக்கும் கைதிகள் யாவரையும் விடுவிக்க வேண்டும். இவையெல்லாம் நிறைவேறும் வரை சுல்தானின் புதல்வர் இருவர் பிணையாகக் கம்பெனியாரிடம் இருக்க வேண்டும்.

அவ்வாறு ஒப்படைக்கப்பட்டவர்கள் அப்துல் காலிக், முயிஸ் உத்தீன் என்னும் சிறுவர்கள். அக்காலக் குறிப்பின்படி மூத்தவனுக்குப் பத்து வயது, இளையவனுக்கு எட்டு. பிப்ரவரி மாத இறுதியில் ஒரு நாள், வெள்ளி அம்பாரி வைத்த யானைகள் மீது அமர்ந்து அவர்கள் கோட்டையை விட்டு வெளியே வந்தார்கள். வெண்ணிற மஸ்லின் அங்கி, சிவந்த தலைப்பாகை, கழுத்தில் முத்து வடங்கள். கோட்டையிலிருந்து மரியாதைக் குண்டுகள் முழங்கின. ஆங்கிலப் பாசறையிலிருந்தும் முழங்கின. கார்ன்வாலிஸ் தம் கூடார வாயிலுக்கு வந்து, சிறுவர்களைத் தழுவி, கைப்பிடித்து உள்ளே அழைத்துச் சென்று, தம் இருபுறமும் அமர்த்திக்கொண்டார். சுல்தானின் வக்கீலான குலாம் அலி, இன்று காலைவரை என் எசமானரின் பிள்ளைகளாக இருந்த இவர்கள் இனித் தங்களையே தந்தையாகக் கருத வேண்டியவர்கள் என்ற பொருள்பட மொழிந்தார். கார்ன்வாலிஸ் ஆளுக்கொரு பொற்கடிகாரம் அளித்தார். சிறுவர்கள் அதைக் கண்டு மகிழ்ந்தார்கள். இச்செய்திகளைப் போரில் பங்கேற்ற மேஜர் டிரோம் என்பவர் 1793-இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதியுள்ளார்.

சரித்திர ஓவியம் என்னும் கலை

இக்காட்சி ஓவியர்களுக்கு ஏன் இத்தனை பிடித்தது என்பதை அறிய, அக்கால ஐரோப்பியக் கலையைச் சிறிது அறிதல் வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டில் ஹெர்குலேனியம், பொம்பெயி என்னும் புதையுண்ட நகரங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. பண்டைய ரோமையரும் கிரேக்கரும் படைத்த சிலைகளும் கட்டடங்களும் புதிய மதிப்புப் பெற்றன. அவற்றின் அமைதியையும் அளவொழுங்கையும் பின்பற்றி எழுந்த பாணிக்குப் புதுச்செவ்வியல் பாணி என்று பெயர். அப்பாணியில் மிக உயர்ந்ததாகக் கருதப்பட்டது சரித்திர ஓவியம். பூச்சாடியையோ பழத்தட்டையோ வரைவது கைத்திறன்; மாந்தரின் வீரத்தையும் தியாகத்தையும் இரக்கத்தையும் வரைவதே கலை என்பது அவர்கள் கொள்கை. பிரெஞ்சு ஓவியர் ஜாக் லூயி தவீது 1784-இல் ரோமையில் தீட்டிய ஹொராஷியர் சபதம் இவ்வகைக்குத் தலையாய சான்று.

இங்கிலாந்தில் இக்கலைக்குப் புதுவழி காட்டியவர் அமெரிக்காவில் பிறந்த பெஞ்சமின் வெஸ்ட். 1759-இல் கியூபெக் போரில் மாண்ட தளபதி உல்ஃபின் மரணத்தை அவர் 1770-இல் தீட்டினார். பண்டைய ரோமையரின் ஆடையை அணிவிக்காமல், அக்காலப் போர்வீரரின் உடையிலேயே அவர்களை வரைந்தார். அதுவே அன்று பெரிய புதுமை. ஆனால் படத்தின் அமைப்பைக் கூர்ந்து நோக்குவோர்க்கு ஒன்று புலப்படும். சாய்ந்து கிடக்கும் தளபதியும், தாங்கிப் பிடித்திருப்போரும், சூழ்ந்து நின்று வருந்துவோரும் நமக்கு நன்கு பழகிய ஒரு காட்சியையே நினைவூட்டுகின்றனர். சிலுவையினின்று இறக்கப்பட்ட ஆண்டவரின் திருவுடலைச் சுற்றி நிற்கும் காட்சியே அது. ஒரு போர்த்தளபதிக்கு மறைசாட்சியின் சாயல் அளிக்கப்பட்டது. மேலும், படத்தில் சூழ்ந்து நிற்பவர்களில் பெரும்பாலோர் அவர் இறந்த இடத்தில் இருந்தவர்களே அல்லர். சரித்திர ஓவியம் சரித்திரத்தை அப்படியே காட்டுவது என்று நாம் எண்ணிவிடலாகாது என்பதற்கு இதுவே போதிய சான்று.

இந்தப் பயிற்சியும் மரபும் கைவரப்பெற்றவர்களே மைசூர்ச் சிறுவர்களை வரைய முன்வந்தார்கள். அவர்களுள் மூவரைக் குறிப்பிடலாம்.

முதலாமவர் ராபர்ட் ஹோம். ஆஞ்சலிகா காஃப்மன் என்னும் புகழ்பெற்ற பெண் ஓவியரிடம் பயின்று, ரோமையிலும் தங்கிக் கற்றவர். 1791-இல் சென்னைக்கு வந்து, கார்ன்வாலிஸின் படையோடு மைசூருக்குச் சென்றார். ஸ்ரீரங்கப்பட்டணத்து நிகழ்ச்சியைத் தீட்டிய ஓவியர்களுள் போர்க்களத்தை நேரில் அறிந்தவர் இவர். அவருடைய ஓவியத்தில் கூடாரத்தின் முன் கார்ன்வாலிஸ் நிற்கிறார். சிறுவனின் கையைப் பற்றியிருக்கிறார். குலாம் அலி அவர்களை ஒப்படைக்கிறார். அதிகாரிகளும் யானைகளும் சூழ்ந்திருக்கின்றனர். ஓர் ஓரத்தில், கையிடுக்கில் சித்திரக் கட்டோடு ஓவியர் தம்மையும் வரைந்துகொண்டார். 1797-இல் இலண்டன் ராயல் அகாதமியில் இது காட்சிக்கு வைக்கப்பட்டது. இப்போது அந்நகரின் தேசிய இராணுவ அருங்காட்சியகத்தில் உள்ளது.

இரண்டாமவர் மாதர் பிரவுன், வெஸ்டின் மாணவர். மூன்றாமவர் ஹென்றி சிங்கிள்டன். இவ்விருவரும் இந்திய மண்ணை மிதித்தவர்களே அல்லர். இலண்டனில் இருந்தபடியே, படித்ததையும் கேட்டதையும் கொண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தை வரைந்தார்கள். அந்தப்புரத்தில் பெண்கள் சிறுவர்களுக்கு விடைகொடுக்கும் காட்சியைக்கூட பிரவுன் தீட்டினார். எந்த ஆங்கிலேயரும் காணாத காட்சி அது.

செப்புத் தகட்டில் ஏறிய கதை

ஓவியம் ஒன்றே ஒன்று. அதை வாங்குபவர் பெருஞ்செல்வர். அது மாளிகையில் தொங்கும். பொதுமக்களிடம் சென்று சேர்வது அதன் அச்சுப்பிரதியே. புகைப்படம் தோன்றாத அக்காலத்தில் இத்தொழில் எவ்வாறு நடந்தது என்பது அறிந்துகொள்ளத் தக்கது.

மெருகேற்றிய செப்புத் தகடு ஒன்றை எடுத்து, ஓவியத்தை அதன்மேல் இடவலம் மாற்றிச் செதுக்குவார்கள். கூரிய உளியால் கோடுகோடாகச் செதுக்குவது ஒரு முறை. ஊசி முனையால் நுண்ணிய புள்ளிகளாகக் குத்துவது மற்றொரு முறை. முகத்தின் மென்மை இதில் நன்கு வரும். தகடு முழுவதையும் முதலில் சொரசொரப்பாக்கிவிட்டு, வெளிச்சம் தெரிய வேண்டிய இடங்களை மட்டும் வழவழப்பாகத் தேய்த்தெடுப்பது மூன்றாவது முறை. பின்பு தகட்டின்மீது மையைப் பூசி, மேற்பரப்பை நன்றாகத் துடைப்பார்கள். பள்ளங்களில் மட்டும் மை தங்கும். ஈரமாக்கிய தாளை அதன்மேல் வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தினால், பள்ளத்து மை தாளில் ஏறும். ஒவ்வொரு பிரதிக்கும் இவ்வளவு வேலையும் புதிதாகச் செய்தாக வேண்டும். செம்பு மெல்லிய உலோகமாதலால் தகடு தேய்ந்துகொண்டே வரும். முதலில் எடுத்த பிரதிகளே தெளிவானவை, விலையும் அவற்றுக்கே அதிகம். சிலவற்றுக்குக் கையால் வண்ணமும் தீட்டுவார்கள்.

ஒரு பெரிய தகட்டைச் செதுக்கி முடிக்க மாதங்கள் மட்டுமன்றி ஆண்டுகளும் ஆவதுண்டு. அதற்கான பொருளை முன்கூட்டியே சந்தாவாகத் திரட்டுவது வழக்கம். யூபிலி மலருக்கு நாம் விளம்பரமும் முன்பணமும் சேர்ப்பது போலத்தான்! வெஸ்டின் உல்ஃப் ஓவியத்தை வில்லியம் உல்லெட் என்பவர் 1776-இல் தகட்டில் செதுக்க, அது வெளியிட்டவருக்குப் பெரும் பொருள் ஈட்டித் தந்தது. அன்று முதல் ஆங்கிலேயரின் போர் ஒவ்வொன்றையும் ஓவியமாக்கி அச்சிடுவது ஒரு தொழிலாயிற்று. மாதர் பிரவுனின் மைசூர்ப் படங்களைத் தகட்டில் செதுக்கியவர் டேனியல் ஓர்ம்.

இப்படங்கள் நன்கு விலைபோனதற்குக் காரணமும் உண்டு. 1788 முதல் 1795 வரை, முன்னாள் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் இந்தியாவில் இழைத்த அநீதிகளுக்காக இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் விசாரிக்கப்பட்டு வந்தார். கம்பெனி கொள்ளையடிக்கும் கூட்டம் என்ற பேச்சு இங்கிலாந்திலேயே எழுந்திருந்தது. அந்த நேரத்தில், வென்றவர் கைநீட்டித் தோற்றவரின் குழந்தைகளைத் தழுவிக்கொள்ளும் படம் வந்தது. நாம் கொடியவர் அல்லர், இரக்கமுள்ளவர் என்று ஆங்கிலேயர் தம்மைத் தாமே தேற்றிக்கொள்ள அது உதவிற்று. வரவேற்பறையில் அப்படத்தை மாட்டியவர் தம் மனச்சாட்சியையும் அருகில் மாட்டிக்கொண்டார் எனலாம்.

படத்தில் இல்லாதவர்கள்

இனி நாம் கூற வந்த செய்திக்கு வருவோம். குழந்தைகளை அருகழைத்து அரவணைப்பவரின் உருவத்தைக் காணும்போது கிறிஸ்தவ உள்ளம் தானாகவே கனிகிறது. அந்தக் கனிவை ஓவியர்கள் அறிந்தே பயன்படுத்தினார்கள் என்று தோன்றுகிறது. ஆனால் படத்தில் உள்ளவர்களைப் பார்த்துவிட்டு நில்லாமல், இல்லாதவர்கள் யார் என்றும் கேட்க வேண்டும்.

முதலாவதாக, தாய் இல்லை. டிரோம் எழுதிய அதே நூலில் ஒரு செய்தி காணப்படுகிறது. இளைய சிறுவனின் தாய், பிப்ரவரி 6-ஆம் நாள் இரவுத் தாக்குதலுக்குப் பின் சில நாட்களில், அச்சத்தாலும் கலக்கத்தாலும் இறந்துபோனார். அவருடைய உடன்பிறந்தாரான புர்ஹானுத்தீன் 1790-இல் நம் பக்கத்துச் சத்தியமங்கலத்தில் நடந்த போரில் மாண்டவர். ஆக, அந்த எட்டு வயதுச் சிறுவன் யானைமீது அமர்ந்து வந்தபோது, தாயை இழந்து மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை. முத்து வடமும் மஸ்லின் அங்கியும் படத்தில் உள்ளன. துக்கம் படத்தில் இல்லை.

இரண்டாவதாக, அடுத்த மாதம் இல்லை. உடன்படிக்கையின் விவரங்களை எழுதும்போது, குடகு நாட்டையும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று கம்பெனியார் கேட்டனர். தலைநகரின் வாசலிலுள்ள குடகு, கம்பெனியின் எல்லையை ஒட்டியதன்று என்று திப்பு சினந்து மறுத்தார். உடனே முற்றுகைக்கு மீண்டும் ஆயத்தம் தொடங்கியது. சிறுவர்களோடு வந்திருந்த மைசூர்க் காவலரின் ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. சிறுவர்களைக் கர்நாடகச் சீமைக்கு அனுப்பிவிடுவதாக அறிவித்துப் பயணமும் தொடங்கப்பட்டது. திப்பு பணிந்தார். மார்ச் மாதம் 19-ஆம் நாள், கையொப்பமிட்ட உடன்படிக்கையை அச்சிறுவர்களின் கையாலேயே கார்ன்வாலிஸ் பெற்றுக்கொண்டார். அதையும் பிரவுன் ஓர் அழகிய ஓவியமாகத் தீட்டினார்.

தந்தை என்ற சொல்லை நாம் சற்றே நிறுத்தி எண்ணிப் பார்க்க வேண்டும். குருக்களாகிய எம்மையும் மக்கள் அச்சொல்லால்தான் அழைக்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அது எவ்வளவு பெரிய பொறுப்பு என்று உள்ளம் கூசுகிறது. அன்பினால் மனமுவந்து அழைக்கும்போதுதான் அச்சொல்லுக்குப் பொருள் உண்டு. தோற்றவனின் வாயிலிருந்து வற்புறுத்தி வரவழைக்கப்பட்டால் அது வெறும் உடன்படிக்கை வாசகமே. கார்ன்வாலிஸ் சிறுவர்களிடம் அன்பாகவே நடந்துகொண்டார் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் தந்தை தன் பிள்ளையைப் பிணையாக வைத்து நாடு கேட்பதில்லை.

மூன்றாவதாக, நாம் இல்லை. ஆம், சேலத்து மக்கள் இல்லை. அந்தக் கூடாரத்தில் கைமாறியது இரு சிறுவர்கள் மட்டுமல்ல. மலபார், குடகு, திண்டுக்கல் ஆகியவற்றோடு, பாராமகால் என்று அழைக்கப்பட்ட கிருஷ்ணகிரி, தர்மபுரிச் சீமையும், சேலம், ஆத்தூர், நாமக்கல் பகுதிகளும் அன்று கம்பெனிக்குக் கிடைத்தன. சேலத்துக் குடியானவரையோ நெசவாளரையோ யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் 1623-இலேயே தத்துவ போதகர் ராபர்ட் தெ நொபிலி வந்து போயிருந்தார். நாயக்கர் காலக் கோட்டைகள் குன்றுகள்மேல் நின்றன. இத்தனை பழமையுள்ள நாடு, ஒரு தாளில் ஊர்ப்பெயர்களின் பட்டியலாகிப் பிறர் கைக்குப் போயிற்று.

கைமாறிய பின்

புதிய நாட்டை நிர்வகிக்க கேப்டன் அலெக்சாண்டர் ரீட் நியமிக்கப்பட்டார். அவருக்கு உதவியாக வந்த இராணுவ அதிகாரிகளுள் ஒருவர், பிற்காலத்தில் சென்னை கவர்னரான தாமஸ் மன்றோ. 1792 முதல் 1799 வரை மன்றோ பெரும்பாலும் தர்மபுரியில் தங்கியிருந்தார். இவர்கள் நிலங்களை வயல் வயலாக அளந்து, மண்ணின் தரம் பார்த்து, ஒவ்வொரு குடியானவரோடும் நேரே தீர்வை பேசினார்கள். ரயத்துவாரி என்று நாம் பள்ளியில் படித்த முறை பிறந்தது இங்கேதான். பின்பு அது சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்கும் பரவிற்று. இடைத்தரகர் இன்றிக் குடியானவரோடு நேரே பேசியது நன்மையே. எனினும் விதித்த தீர்வை கனமாக இருந்ததால் நிலத்தைக் கைவிட்டவர்களும் உண்டு. சேலத்து மண்ணுக்கு எண் போட்டு, பட்டா போட்டு, அளந்து வைத்த வழக்கம் அந்தக் கூடாரத்துக் கைகுலுக்கலில் தொடங்குகிறது. நம் வீட்டுப் பத்திரங்களில் உள்ள சர்வே எண்ணின் மூதாதை அதுவே.

அதே 1792-இல் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்னும் ஓவியர்கள் பாராமகால் வழியாகப் பயணம் செய்தனர். இராயக்கோட்டை முதலான மலைக்கோட்டைகளை அவர்கள் வரைந்து அச்சிட்ட படங்கள் பெரும்புகழ் பெற்றன. புதிதாக வாங்கிய வீட்டை உரிமையாளர் சுற்றிப் பார்ப்பது போல, புதிதாகக் கைக்கு வந்த நாட்டை ஆங்கிலேயர் படங்களில் பார்த்தார்கள். மலைகளை அவர்கள் அழகாகவே வரைந்தார்கள். ஆயினும் மலையடிவாரத்தில் வாழ்ந்தவர்கள் அப்படங்களில் எறும்பளவு உருவங்களே.

மறுபக்கச் சுவர்

வென்றவர் படம் எழுதுவது ஆங்கிலேயருக்கு மட்டும் உரிய வழக்கமன்று. 1780-இல் காஞ்சிபுரத்துக்கு அருகில் பொள்ளிலூரில் ஹைதரும் திப்புவும் கம்பெனிப் படையை முறியடித்தனர். அவ்வெற்றியை ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகைச் சுவரில் திப்பு பெரிய அளவில் தீட்டச் செய்தார். அங்கே ஆங்கிலத் தளபதி பெய்லி காயமுற்றுப் பல்லக்கில் அமர்ந்திருக்கிறார். திப்புவோ பூவை முகர்ந்தபடி குதிரைமேல் வருகிறார். அச்சுவரிலும் இல்லாதவர்கள் உண்டு. அப்போரால் பாழான ஊர்களின் ஏழைகள் அதில் இல்லை.

திப்புவைப் பற்றிக் கத்தோலிக்கர்களுக்கு வேறொரு நினைவும் உண்டு. 1784-இல் மங்களூர்ப் பகுதிக் கத்தோலிக்கர்கள் ஆயிரக்கணக்கில் சிறைபிடிக்கப்பட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு நடத்திச் செல்லப்பட்டனர். வழியிலும் சிறையிலும் மாண்டவர் பலர். 1799-க்குப் பின் எஞ்சியிருந்தவர்களைத் தேற்றி ஒன்றுசேர்க்கும் பணியில் ஈடுபட்டவர் பாரிஸ் வேதபோதக சபைக் குருவாகிய துபுவா அடிகள். அதே திப்பு, 1791-இல் மராத்தியப் படை சிருங்கேரி மடத்தைச் சூறையாடியபோது அம்மடத்துக்குப் பொருளுதவி செய்தார் என்பதும் வரலாறே. ஒரு மனிதரை ஒரே வண்ணத்தில் தீட்டுவது ஓவியருக்கு எளிது. உண்மையைத் தேடுவோர்க்கு அது இயலாது. தந்தையின் செயலைக் காரணம் காட்டி அந்த இரு சிறுவர்களின் துயரத்தை நாம் இலேசாக எண்ணிவிட்டால், மங்களூர்ச் சிறுவர்களின் துயரத்தைப் பேச நமக்கு என்ன உரிமை இருக்கும்?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இதே கார்ன்வாலிஸ் 1781-இல் அமெரிக்காவின் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் சரணடைந்தவர். உடல்நலமில்லை என்று சொல்லி, சரணடையும் சடங்குக்கு அவர் வரவில்லை. உதவித் தளபதியை அனுப்பினார். வெஸ்டின் மற்றொரு மாணவரான ஜான் டிரம்புல், அமெரிக்கப் பாராளுமன்ற மண்டபத்துக்காக அக்காட்சியைத் தீட்டினார். கார்ன்வாலிஸ் சரணடைதல் என்று அதற்குப் பெயர். ஆனால் படத்தில் கார்ன்வாலிஸ் இல்லை! தோற்ற படத்தில் ஒளிந்துகொண்டவர், வென்ற படத்தில் நடுநாயகமாக நிற்கிறார்.

எஞ்சியவை

சிறுவர்கள் சென்னையில் வைக்கப்பட்டு, தண்டம் கட்டி முடிந்தபின் 1794-இல் தந்தையிடம் திருப்பி அனுப்பப்பட்டனர். 1799 மே 4-ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு போரிட்டு மாண்டார். அவர் குடும்பத்தார் வேலூர்க் கோட்டையில் காவலில் வைக்கப்பட்டனர். 1806 ஜூலை 10-ஆம் நாள் அங்கே சிப்பாய்கள் எழுச்சி செய்து அடக்கப்பட்டபின், அவர்கள் கல்கத்தாவுக்குக் கொண்டுபோகப்பட்டனர். அக்குடும்பத்துப் பெண்கள் சிலரின் கல்லறைகள் வேலூரில் இன்றும் உள்ளன. பொற்கடிகாரம் பெற்ற சிறுவர்களின் கதை இப்படி முடிந்தது. இதை ஓவியமாகத் தீட்ட இலண்டனில் யாரும் சந்தா திரட்டவில்லை.

சென்னைக்குச் செல்லும் நம் பங்குமக்கள், செயிண்ட் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை சென்று வரலாம். ரோமையில் பயின்ற தாமஸ் பேங்க்ஸ் என்னும் சிற்பி வடித்த கார்ன்வாலிஸின் பளிங்குச் சிலை அங்கே உள்ளது. 1800-இல் சென்னைக்கு வந்த சிலை அது. அதன் பீடத்தில் சிறுவர்களை ஒப்படைக்கும் காட்சியே புடைப்புச் சிற்பமாகச் செதுக்கப்பட்டுள்ளது. சென்னையில் செனடாப் சாலை என்று ஒரு சாலை இருக்கிறதே, அப்பெயர் இந்தக் கார்ன்வாலிஸின் நினைவு மண்டபத்தால் ஏற்பட்டது. நாட்டு விடுதலைக்குப் பின்னும் அச்சிலையை உடைத்தெறியாமல் அருங்காட்சியகத்தில் பாதுகாத்து வருகிறோம். அது சரியே. பொய் சொல்லும் கல்லும் ஒரு சாட்சிதான். கேள்வி கேட்கத் தெரிந்தவனிடம் அது உண்மையையும் சொல்லிவிடும்.

அன்பார்ந்த பங்குமக்களே, இம்மலரிலும் படங்கள் பல உள்ளன. அடிக்கல் நாட்டு விழா, ஆலய மந்திரிப்பு, ஆயர் பெருமகனாரின் வருகை, குருக்களின் வரிசை. அவற்றைக் கண்டு மகிழுங்கள். மகிழ்ந்த பின், படத்துக்கு வெளியே நின்றவர்களையும் எண்ணிப் பாருங்கள். பிடி அரிசி சேர்த்துக் கொடுத்த தாய்மார்கள் இருந்தார்கள். கூலியைக் குறைத்துக்கொண்ட கொத்தனார்களும் சித்தாட்களும் இருந்தார்கள். விடியுமுன் மணியடித்த கோயில்பிள்ளை இருந்தார். நாற்காலிகளை வரிசையாகப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்ற இளைஞர்கள் இருந்தார்கள். படம் எடுக்கும் வேளையில் அவர்கள் அடுப்படியிலோ கொட்டகைக்குப் பின்னாலோ வேலையாய் இருந்தார்கள்.

ஆகவே இந்த யூபிலி ஆண்டில் ஒரு சிறு பணியை உங்கள் அனைவருக்கும் விடுக்கிறோம். உங்கள் இல்லங்களில் உள்ள பழைய நிழற்படங்களைப் பெட்டியிலிருந்து எடுங்கள். வீட்டுப் பெரியவர்களை அருகில் அமர்த்திக் கேளுங்கள். ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் அதில் இருப்பவர்களின் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதுங்கள். அதன் கீழே, அன்று அங்கு இருந்தும் படத்தில் இல்லாதவர்களின் பெயர்களையும் எழுதி வையுங்கள். அடுத்த யூபிலி மலரைத் தொகுக்கப்போகிறவர்களுக்கு நாம் விட்டுச் செல்லும் செல்வம் அதுவாக இருக்கட்டும்.